பெடலில் ஒரு மஞ்சள் பட்டை

மிதிவண்டியின் பெடலைச் சற்றுக் குனிந்து பார்த்தால், அதன் முன்விளிம்பிலும் பின்விளிம்பிலும் ஒரு விரல் நீளத்திற்கு மஞ்சள் நிறப் பட்டை பதிக்கப்பட்டிருப்பது தெரியும். கடைக்காரர்கள் இதனை ரிஃப்ளெக்டர் என்பர். தமிழில் பிரதிபலிப்பான் எனலாம். அழகுக்காக வைக்கப்பட்டது என்றே பலரும் எண்ணுகின்றனர். பெடல் தேய்ந்து, புதியது மாட்டும்போது, பட்டை உள்ள பெடல்தானா என்று கேட்டு வாங்குவோர் மிகச் சிலரே. ஆயினும் உலகின் பல நாடுகளில் இந்தச் சிறு பட்டை சட்டத்தால் கட்டாயமாக்கப்பட்ட ஒன்றாகும்.

மிதிவண்டிச் சட்டத்தைப் பற்றிக் கண் மருத்துவர் எழுதுவது எதற்காக என்று வாசகர்களுக்குத் தோன்றக்கூடும். எமது புறநோயாளர் பிரிவில் இரண்டு வகையினரை நாள்தோறும் சந்திக்கிறோம். "இரவில் எதிரே வரும் வண்டியின் வெளிச்சம் கூசுகிறது, டாக்டர், சாலையோரத்தில் போகிறவர் தெரிவதில்லை" என்று சொல்லும் வாகன ஓட்டிகள் ஒரு வகையினர். இரவுக் காவல் பணிக்கும், அதிகாலைப் பால் விநியோகத்திற்கும், சந்தைக்கும் சைக்கிளில் செல்வோர் மற்றொரு வகையினர். முதல் வகையினர் கண்ணுக்கு இரண்டாம் வகையினர் எவ்வளவு தொலைவில், எத்தனை விரைவாகப் புலப்படுகிறார்கள் என்பது உயிரோடு தொடர்புடைய கேள்வி. பெடல் பட்டையைக் குறித்த சட்டங்கள் அந்தக் கேள்விக்குத் தரப்பட்ட விடைகளே. அவற்றைப் படிக்கும்போது, எழுதியவர்கள் மனிதக் கண்ணின் இயல்பை அறிந்தே எழுதினார்கள் என்ற எண்ணம் எனக்கு உண்டாகிறது.

சட்டங்கள் சொல்வது

பிரிட்டனின் விதியிலிருந்து தொடங்கலாம். அந்நாட்டில் 1989-ஆம் ஆண்டின் சாலை வாகன விளக்கு விதிகள் நடைமுறையில் உள்ளன. இரவில் சாலையில் செல்லும் மிதிவண்டிக்கு முன்புறம் வெள்ளை விளக்கும், பின்புறம் சிவப்பு விளக்கும், சிவப்புப் பிரதிபலிப்பானும் இருத்தல் வேண்டும். இவற்றோடு, 1985 அக்டோபர் 1 அன்றோ அதற்குப் பின்னரோ தயாரிக்கப்பட்ட மிதிவண்டியாயின், ஒவ்வொரு பெடலிலும் முன்னோக்கி ஒன்றும் பின்னோக்கி ஒன்றுமாக மஞ்சள் பிரதிபலிப்பான்கள் இருக்க வேண்டும். ஆக, ஒரு வண்டிக்கு நான்கு பட்டைகள். அந்நாட்டு மக்கள் சாலைவிதிக் கையேடாகப் பயிலும் நூலின் 60-ஆவது விதியும் இதனையே கூறுகிறது. அந்த நாளுக்கு முன் தயாரிக்கப்பட்ட பழைய வண்டிகளுக்குப் பெடல் பட்டை கட்டாயமில்லை. பகலில் ஓட்டும் மிதிவண்டிக்கும் இந்தக் கட்டாயம் கிடையாது. சூரியன் மறைந்தது முதல் உதிக்கும் வரைதான் சட்டம் கேட்கிறது.

ஜெர்மனியின் வாகன அனுமதி விதிகளில் 67-ஆவது பிரிவு மிதிவண்டிக்கு உரியது. அதுவும் பெடலின் முன்னும் பின்னும் மஞ்சள் பிரதிபலிப்பான்கள் வேண்டும் என்கிறது.

அமெரிக்காவில் இரண்டு அடுக்குச் சட்டங்கள் உள்ளன. வண்டியைச் செய்து விற்பவரைக் கட்டுப்படுத்துவது நடுவண் அரசின் நுகர்பொருள் பாதுகாப்பு ஆணையம் வகுத்த விதி. 1970-களில் வந்த அவ்விதியின்படி, விற்பனைக்கு வரும் மிதிவண்டிகளின் ஒவ்வொரு பெடலிலும் முன்பக்கமும் பின்பக்கமும் பிரதிபலிப்பான் வேண்டும். நிறம் வெள்ளையாகவோ மஞ்சளாகவோ இருக்கலாம். தெருவில் ஓடாமல் நடைபாதையில் மட்டும் ஓட்டப்படும் சிறுவர் சைக்கிள்களுக்கு விலக்கு உண்டு. பட்டையைப் பெடலின் விளிம்பிலிருந்து சற்று உள்வாங்கிப் பதிக்க வேண்டும் என்றும் அவ்விதி கூறுகிறது. தட்டையான பரப்பில் பெடலின் விளிம்பு பட்டாலும் பட்டை உராயக் கூடாது என்பது நோக்கம். வண்டியைச் சுவரோரமாகச் சாய்த்து வைக்கும் வழக்கமுள்ள நம்மவர்க்கு இந்த அக்கறையின் அருமை எளிதில் விளங்கும்.

அதே விதியின் தொடக்கத்தில் ஒரு கருத்து உள்ளது. மோட்டார் வாகனத்தின் முன்விளக்கு ஒளி படும்போது மிதிவண்டி கண்டுகொள்ளப்படவும், இன்னது என்று அடையாளம் காணப்படவும் பிரதிபலிப்பான்கள் உதவ வேண்டும் என்பது அது. கண்ணில் படுவது ஒன்று. இன்னதென்று அறிவது வேறு. இந்த வேறுபாட்டுக்குப் பின்னர் வருகிறேன்.

சாலையில் ஓட்டுவோருக்கான விதி மாநிலந்தோறும் மாறும். கலிபோர்னியா மாநில வாகனச் சட்டத்தின் 21201-ஆவது பிரிவு, இருட்டில் ஓட்டும்போது ஒவ்வொரு பெடலிலோ, காலணியிலோ, கணுக்காலிலோ வெள்ளை அல்லது மஞ்சள் பிரதிபலிப்பான் இருக்க வேண்டும் என்றும், அது முன்னும் பின்னும் 200 அடி தொலைவிலிருந்து தெரிய வேண்டும் என்றும் கூறுகிறது. எனக்கு மிகவும் பிடித்த வாசகம் இது. பெடலில் ஒட்டினால் என்ன, காலில் கட்டினால் என்ன, கால் இயங்கும்போது ஒளியும் அதனோடு இயங்க வேண்டும் என்பதே தேவை. பந்தய வண்டியோட்டிகள் காலணியைப் பெடலோடு பூட்டிக்கொள்ளும் சிறிய பெடல்களைப் பயன்படுத்துகின்றனர். அவற்றுள் பலவற்றில் பட்டை பதிக்க இடமே இராது. இத்தகையவர் கலிபோர்னியாவில் கணுக்காலில் பட்டை கட்டிக்கொண்டால் சட்டம் நிறைவடைகிறது. பிரிட்டனிலோ, எத்தனை ஒளிரும் பட்டைகளைக் காலில் கட்டியிருப்பினும், பெடலில் இல்லையெனில் இரவில் அது விதிமீறலே. கண் மருத்துவத்தின் பார்வையில் கலிபோர்னிய வாசகமே செம்மையானது.

பெடலைத் தேர்ந்தது ஏன்?

இருக்கைக்கு அடியில் பெரிய சிவப்புப் பிரதிபலிப்பான் இருக்கும்போது, காலடியில் நான்கு சிறு பட்டைகள் எதற்கு? இதற்கு விடை தரும் ஆய்வு, மிதிவண்டியோடு தொடர்பே இல்லாத இடத்திலிருந்து வந்தது.

சுவீடன் நாட்டின் உப்சாலாவைச் சேர்ந்த உளவியலாளர் குன்னார் யோஹான்சன் 1973-இல் ஓர் ஆய்வை வெளியிட்டார். ஒருவரின் தோள், முழங்கை, இடுப்பு, முழங்கால், கணுக்கால் முதலிய மூட்டுகளில் மட்டும் சிறு ஒளிப்புள்ளிகளை வைத்து, உடல் தெரியாதவாறு இருட்டில் படம் பிடித்தார். அவர் அசையாமல் இருந்தபோது பார்த்தவர்க்கு அவை வெறும் புள்ளிகளாகவே தோன்றின. அவர் நடக்கத் தொடங்கியதும், பார்த்தவர்கள் ஒரு நொடிக்கும் குறைவான நேரத்தில் "மனிதர் நடக்கிறார்" என்று கூறிவிட்டனர். உயிரினத்தின் அசைவை உணர்வதற்கென்றே மூளையின் பொட்டுப் பகுதியில் தனித்த இடங்கள் ஈடுபடுவதைப் பின்வந்த நரம்பியல் ஆய்வுகள் காட்டின.

இதனைச் சாலைக்குப் பொருத்திப் பாருங்கள். இருட்டில் அசையாத ஒற்றைச் சிவப்புப் புள்ளி எதுவாகவும் இருக்கலாம்: நிறுத்தி வைத்த வண்டி, வேலிக் கம்பம், தொலைவில் செல்லும் லாரி. அது எவ்வளவு அருகில் உள்ளது, நகர்கிறதா இல்லையா என்று மூளையால் உடனே முடிவு செய்ய இயலாது. இரண்டு மஞ்சள் புள்ளிகள் ஒன்று ஏற மற்றொன்று இறங்க, மாறி மாறி அசைந்தால் ஐயத்துக்கு இடமில்லை. சாலையில் வேறு எந்தப் பொருளும் அவ்வாறு அசைவதில்லை. பெடலைத் தாங்கும் கிராங்கின் நீளம் ஏறத்தாழ 17 செ.மீ.; ஆகவே ஒவ்வொரு சுற்றிலும் அந்தப் புள்ளி சுமார் 34 செ.மீ. உயர்ந்து தாழ்கிறது. நிதானமாக மிதிப்பவரும் நொடிக்கு ஒரு சுற்றை ஒட்டியே மிதிப்பார். கண்ணின் ஓரப்பார்வை நுண்ணிய விவரங்களைக் காண்பதில் பின்தங்கியது. அசைவை உணர்வதில் அது கூர்மையானது. சாலையோரத்தில் செல்லும் சைக்கிள், ஓட்டுநரின் ஓரப்பார்வையிலேயே பெரும்பாலும் முதலில் விழுகிறது.

இன்னொரு நன்மையும் உண்டு. எதிரே வருவோர் கண் கூசாதிருக்க நாம் விளக்கைத் தாழ்த்தி ஓட்டும்போது, ஒளி சாலையின் தரைமட்டத்தை ஒட்டியே விழுகிறது. தோளும் தலையும் இருளில் மறைந்துவிடும். தாழ்ந்த இடத்தில் உள்ள பெடல் மீது ஒளி நன்றாகப் படும்.

ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து தொழில்நுட்பப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பொதுப் போக்குவரத்து இல்லாத பாதையில், இரவில், உண்மையான ஓட்டுநர்களைக் கொண்டு நடத்திய சோதனை 2012-இல் வெளியாயிற்று. மிதிவண்டியோட்டி கருப்பு உடை அணிந்திருந்தபோது அவரை அடையாளம் கண்டது 2 விழுக்காடு வேளைகளில் மட்டுமே. பகலில் பளிச்சிடும் ஒளிர்நிற மேலாடைக்கு 15 விழுக்காடு. ஒளியைத் திருப்பும் பட்டைகள் தைத்த மேலாடைக்கு 50. அதே மேலாடையோடு முழங்காலிலும் கணுக்காலிலும் பட்டை கட்டியபோது 90. முதிய ஓட்டுநர்கள் இளையோரைவிடக் குறைவாகவே அடையாளம் கண்டனர். இங்கு அணியப்பட்டவை பெடல் பட்டைகள் அல்ல. எனினும் அசையும் காலில் ஒளி இருப்பதன் பயனை இந்த எண்கள் காட்டுகின்றன. ஒளிர்நிற ஆடை தோற்றதன் காரணமும் எளிது. அது சூரிய ஒளியில் உள்ள புறஊதாக் கதிரை வாங்கிப் பளிச்சிடுகிறது. இரவில் அக்கதிர் இல்லை. "பளிச்சென்று பச்சைச் சட்டை போட்டிருக்கிறேனே" என்ற நம்பிக்கை மாலை ஆறரைக்கு மேல் செல்லாது.

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். இத்தகைய ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிட்ட காக்ரேன் தொகுப்பாய்வு, பிரதிபலிக்கும் பொருள்கள் கண்டறிதலை மேம்படுத்துகின்றன என்று ஒப்புக்கொண்டது. அவை விபத்துகளை நேரடியாகக் குறைத்தன என்று மெய்ப்பிக்கும் ஒப்பீட்டுச் சோதனை எதனையும் அது கண்டெடுக்கவில்லை. முன்கூட்டியே கண்டுகொண்டால் முன்கூட்டியே பிரேக் மிதிக்கலாம் என்ற நியாயமே நமக்கு ஆதாரம். அது எனக்குப் போதுமானதாகவே தோன்றுகிறது.

கணக்கிட்டுப் பார்க்கலாம். மணிக்கு 60 கி.மீ. வேகத்தில் செல்லும் கார் ஒரு நொடியில் ஏறத்தாழ 17 மீட்டர் கடக்கிறது. ஆபத்தை உணர்ந்து பிரேக்கில் கால் வைக்க ஒன்றரை நொடி ஆகும் எனில் 25 மீட்டர் போய்விடும். உலர்ந்த சாலையில் வண்டி நிற்க மேலும் 20 மீட்டர் வேண்டும். மொத்தம் 45 மீட்டர். மழை நாளில் இன்னும் கூடுதல். தாழ்ந்த விளக்கொளியில் கருநிற ஆடை அணிந்தவர் அந்தத் தொலைவுக்குள் வந்த பிறகே கண்ணில் படுவது அரிதன்று. கலிபோர்னியச் சட்டம் கேட்கும் 200 அடி என்பது 61 மீட்டர்.

மூன்று கண்ணாடிகளின் மூலை

பட்டையின் உள்ளே விளக்கோ மின்கலமோ இல்லை. பின்புறத்தை உற்று நோக்கினால் தேன்கூடு போன்ற சிறு குழிகள் தெரியும். ஒவ்வொன்றும், அறையின் மூலையில் இரு சுவர்களும் தரையும் கூடுவது போல, ஒன்றுக்கொன்று செங்குத்தான மூன்று பரப்புகளால் ஆனது. அத்தகைய மூலையில் புகும் ஒளிக்கதிர் மூன்று பரப்புகளிலும் பட்டு, வந்த திசைக்கே திரும்பிச் செல்லும். 1969-இல் அப்பல்லோ 11 வீரர்கள் நிலவில் வைத்துவந்த கருவியிலும் இதே வடிவ மூலைகள் நூறு உண்டு. பூமியிலிருந்து அனுப்பும் லேசர் ஒளியைத் திருப்பி, நிலவின் தொலைவை அளக்க அது இன்றும் உதவுகிறது.

இதிலிருந்து நடைமுறைக்கு இரண்டு செய்திகள் கிடைக்கின்றன. ஒளி வந்த வழியே திரும்புவதால், விளக்குக்கு அருகில் கண் உள்ளவருக்கு, அதாவது அந்த வண்டியின் ஓட்டுநருக்கு, பட்டை ஒளிரும். பக்கத்தில் நிற்பவருக்குத் தெரியாது. அடுத்தது, எந்த விளக்கும் உங்களை நோக்கித் திரும்பாத வரையில் பட்டை இருண்டே கிடக்கும். குறுக்குத் தெருவிலிருந்து திரும்பும் வண்டிக்கும், விளக்கின்றி வரும் வண்டிக்கும், நடந்து வருபவருக்கும் அதனால் பயனில்லை. ஆகவேதான் பிரிட்டனின் விதி பிரதிபலிப்பானை விளக்குக்கு மாற்றாகக் கொள்ளவில்லை. முன்னே வெள்ளை விளக்கு, பின்னே சிவப்பு விளக்கு; அவற்றோடு கூடுதலாகப் பெடல் பட்டை.

பார்க்கும் கண்ணின் நிலை

பட்டை திருப்பி அனுப்பும் ஒளி, காரிலோ பைக்கிலோ அமர்ந்திருப்பவரின் விழித்திரையைச் சென்றடைய வேண்டும். வயது கூடக்கூட இருட்டில் கண்மணி போதிய அளவு விரிவதில்லை. கண்ணின் வில்லையும் மஞ்சளாகிறது. இருபது வயதினரின் விழித்திரையை எட்டும் ஒளியில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கே அறுபது வயதினருக்குக் கிடைக்கிறது. கண்புரை தொடங்கியிருந்தால் எதிர்வரும் விளக்கொளி வில்லைக்குள் சிதறி, பார்வை முழுவதும் ஒரு வெண்திரையாகப் படரும். அந்தத் திரைக்குப் பின்னால் சைக்கிளின் சிறு மஞ்சள் ஒளி மறைந்துபோகும். பகலில் எழுத்துப் பலகையின் கடைசி வரியைப் படிக்கிறவருக்கும் இது நேரலாம்.

ஆகவே, வாகனம் ஓட்டும் வாசகர்கள் கண் பரிசோதனைக்கு வரும்போது, "இரவில் ஓட்டுகிறேன்" என்பதைத் தாமாகவே மருத்துவரிடம் கூறுங்கள். கண்ணழுத்த நோயால் ஓரப்பார்வை சுருங்கியவர்களும், மாலைக்கண் உடையவர்களும் இரவில் ஓட்டலாமா என்பதை மருத்துவரைக் கேட்ட பின்னரே முடிவு செய்ய வேண்டும். கண்மணியை விரிக்கும் சொட்டுமருந்து விட்ட நாளில், வீட்டுக்குத் திரும்ப வேறொருவரை வண்டி ஓட்டச் சொல்வது நல்லது.

நம் நாட்டில்

இந்தியாவின் மோட்டார் வாகனச் சட்டம், 1988, இயந்திர விசையால் இயங்கும் வண்டிகளுக்கானது. காலால் மிதிக்கும் சைக்கிள் அதன் வரையறைக்குள் வருவதில்லை. மிதிவண்டிப் பிரதிபலிப்பான்களுக்கான தரக் கட்டுப்பாட்டு ஆணையை மத்திய வணிகம், தொழில் அமைச்சகம் 2020-இல் வெளியிட்டது. சர்வதேசத் தரத்தை ஏற்று வகுக்கப்பட்ட இந்தியத் தரத்திற்கு அவை ஒத்திருக்க வேண்டும். இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் முத்திரையைத் தாங்க வேண்டும் என்பது அதன் சாரம். இது வரவேற்க வேண்டிய ஆணை. ஆனால் இது செய்வோரையும் விற்போரையும் கட்டுப்படுத்துவது. தந்தை ஓட்டி மகன் ஓட்டும் பழைய வண்டியை, மூன்று முறை பெடல் மாற்றிய வண்டியை, இது தொடுவதில்லை. இரவுச் சாலையில் மிகுதியாகச் செல்வதோ அந்த வண்டிகள்தாம். முன்பு டைனமோ விளக்கு இல்லாமல் சென்றால் காவலர் நிறுத்திக் கேட்பார் என்ற அச்சம் இருந்தது. மூத்த வாசகர்கள் அதை நினைவில் வைத்திருப்பர். இன்று அந்த அச்சமும் இல்லை. பெரும்பாலான சைக்கிள்களில் டைனமோவும் இல்லை.

சட்டம் எட்டாத இடத்தில் குடும்பத்தார் செய்யக்கூடியவை எளியவை. பெடல் மாற்றும்போது மஞ்சள் பட்டை உள்ளதையே கேட்டு வாங்குங்கள். பட்டை உடைந்திருந்தால், வாகன உதிரிபாகக் கடையில் கிடைக்கும் ஒளிதிருப்பும் ஒட்டுப்பட்டையைக் கிராங்கின் முன்னும் பின்னும் ஒட்டலாம். ரப்பர்ப் பெடலின் மேல் அது நிலைக்காது. செருப்பின் குதிகாலில் ஒரு துண்டு ஒட்டுவதும் பயன் தரும். வேட்டியோ புடவையோ சுடிதாரோ பெடலை மறைத்துவிடும் என்பதால், அவற்றை அணிவோர் கணுக்காலில் பட்டை கட்டிக்கொள்வது மேல். பள்ளியில் பெற்ற விலையில்லா மிதிவண்டியில் மாலைச் சிறப்பு வகுப்பு முடிந்து திரும்பும் பிள்ளைகளின் வண்டியைப் பெற்றோர் ஒருமுறை பார்த்துவிடுங்கள். சேறும் எண்ணெய்ப் பிசுக்கும் படிந்த பட்டை பாதி குருடு. ஈரத்துணியால் துடைத்தால் போதும், மணலால் தேய்த்தல் கூடாது.

கண்புரை அறுவை செய்துகொண்டவர்கள் "எப்போது சைக்கிள் ஓட்டலாம்?" என்று கேட்பதுண்டு. மறுபரிசோதனையில் மருத்துவர் அனுமதித்த பிறகே ஓட்ட வேண்டும். இரவுப் பயணத்தை, பகலில் சில நாள் ஓட்டிப் பழகிய பின் தொடங்குங்கள்.

பட்டை ஒழுங்காக உள்ளதா என்று வீட்டிலேயே சோதிக்கலாம். இருட்டிய பின், தெருவில் வண்டியை நிறுத்தி, முப்பது நாற்பது அடி பின்னால் சென்று நில்லுங்கள். டார்ச் விளக்கை இடுப்பளவில் பிடித்தால் பட்டை மங்கலாகவே தெரியும்; அதைக் கண்ணின் பக்கத்தில், நெற்றிப்பொட்டை ஒட்டிப் பிடித்து அடியுங்கள். வேறொருவரைப் பெடலை மெதுவாகப் பின்னோக்கிச் சுற்றச் சொல்லுங்கள். இரண்டு மஞ்சள் புள்ளிகளும் ஏறி இறங்குவது தெளிவாகத் தெரிய வேண்டும். ஒன்று மட்டும் தெரிந்தால் மற்ற பெடலைத் துடைத்து மீண்டும் பாருங்கள். அப்போதும் தெரியாவிட்டால் அந்தப் பெடலை மாற்றும் நேரம் வந்துவிட்டது.